சீட்டு சொல்வதும் நெஞ்சு அறிவதும்

விரல் நுனியளவே உள்ள கண்ணாடிக் குப்பி. அதனுள்ளே ஒரு சிட்டிகைக்கும் குறைந்த வெண்பொடி. குப்பியின் மேல் ஒரு சீட்டு, சீட்டிலே ஒரு வாக்கியம்: "ஆய்வுக்கூடப் பயனுக்கு மட்டுமே, மனிதர்க்குச் செலுத்துவதற்கு அன்று."

எத்துணை ஒழுக்கமான வாக்கியம்! எத்துணைப் பொறுப்புணர்ச்சி! அப்படித்தான் எண்ணத் தோன்றும். ஆனால் அமெரிக்க நாட்டிலே இத்தகைய குப்பிகளை இணையவழி விற்கும் கடைகள் பலவற்றில், பொடியைக் கரைப்பதற்கான நீரும் பக்கத்திலேயே விலைக்கு இருக்கிறது. வாங்குவோர் யார்? பல்கலைக்கழகமா? ஆய்வுக்கூடமா? இல்லை. உடல் இளைக்க விரும்புவோர், தசை பெருக்க விரும்புவோர், தசைநார்க் காயம் ஆறாதா எனத் தவிப்போர், முதுமையை நாலு நாள் ஒத்திப்போட ஆசைப்படுவோர். வீட்டுக் கூடமே அவர்தம் ஆய்வுக்கூடம். வயிற்றுத் தோலே ஆய்வுக் களம்! விற்பவனுக்கும் இது தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். தெரியாதது போல் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

இருவரும் அறிந்தே பேசும் பொய்யைப் பொய் என்பதா, ஒப்பந்தம் என்பதா? சட்டம் கேட்ட சொற்களை எழுதியாயிற்று. இனி என்ன குறை? இந்தக் கேள்விகளைத்தான் ஆராய விரும்புகிறோம். மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இது ஒரு வாணிகத்தின் கதை. உள்நோக்கினால், சட்டத்துக்கு அடங்குவதும் அறத்தின்பால் நிற்பதும் ஒன்றுதானா என்னும் பழங்கேள்வி, வெள்ளுடை அணிந்து ஆய்வுக்கூடத்து வாயிலில் வந்து நிற்கிறது.

முதலில், குப்பிக்குள் இருப்பது யாது என்று காண்போம். பெப்டைடு என்பது அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகளைக் கோத்த சரம். சரம் நீண்டு மடிந்து உருப்பெற்றால் புரதம் என்கிறோம். குறுகியிருந்தால் பெப்டைடு என்கிறோம். மகப்பேற்றின்போது கருப்பையைச் சுருங்கச் செய்யும் ஆக்சிடோசின், ஒன்பதே மணிகள் கொண்டது. இன்சுலினில் 51 மணிகள். உடலின் ஓர் உறுப்பு மற்றோர் உறுப்புக்கு விடுக்கும் ஓலைகள் இவை. ஆக்சிடோசினை 1953-இல் ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார் வின்சென்ட் டு விக்னோ. 1955-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. 1963-இல் புரூஸ் மெரிஃபீல்டு, நுண்ணிய பிசின் மணியின் மேல் சரத்தின் முதற்கண்ணியை நிறுத்தி, அடுத்தடுத்து ஒவ்வொன்றாய்க் கோத்துக்கொண்டே போகும் முறையை வெளியிட்டார். 1984-இல் அவருக்கும் அப்பரிசு கிட்டியது. அறிஞர்கள் கண் பூத்து, கை சலித்துச் செய்த வேலையை இன்று இயந்திரம் விரைந்து முடித்துத் தருகிறது. ஆக்கம் எளிதாயிற்று, நன்று. ஆக்கம் எளிதானதும் பொறுப்பும் எளிதாகிவிட்டது என எண்ணுவோர் கிளம்பினரே, அதுதான் நன்றன்று.

ஆய்வைப் பழிக்க வந்தோம் அல்லோம். கிலா என்னும் அமெரிக்கப் பாலைநிலப் பல்லியின் நஞ்சிலே கண்ட ஒரு பெப்டைடு, நீரிழிவு மருந்தாக உருமாறி 2005-இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. அதே வழியில் வளர்ந்த செமக்ளூடைடு, 2017-இல் நீரிழிவுக்கும், 2021-இல் உடற்பருமனுக்கும் ஒப்புதல் பெற்றது. நஞ்சைத் தொடாதே, தொட்டால் தீங்கு என்று அஞ்சி ஒதுங்கியிருந்தால் இந்த நலன்கள் உலகுக்கு ஏது? கேள்வி கேட்பது குற்றம் என்போரின் அணியில் நாம் நின்றதில்லை. இனியும் நிற்கப் போவதில்லை. ஆய்வு வேண்டும். ஆய்வு வேண்டும் என்பதனாலேயே, அதன் ஆடையை உடுத்து உலவும் போலியை அடையாளம் காட்டவும் வேண்டும்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது? வாணிகன் தானே புனைந்ததன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு; அவ்வரலாற்றில் பிணங்கள் உண்டு.

1937-ஆம் ஆண்டு. சல்ஃபனிலமைடு என்னும் மருந்தைக் குடிக்கும் வடிவில் தர விரும்பிய ஓர் அமெரிக்க நிறுவனம், அதை டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நீர்மத்தில் கரைத்தது. நிறம் பார்த்தார்கள், மணம் பார்த்தார்கள், சுவை பார்த்தார்கள். உயிருக்கு ஆகுமா என்று மட்டும் பார்க்கவில்லை! நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பலர் குழந்தைகள். அந்நாளையச் சட்டப்படி அந்நிறுவனத்தின் மீது சாட்ட முடிந்த குற்றம் எது தெரியுமா? 'எலிக்சர்' என்று பெயரிட்டார்களே, அப்பெயர் ஆல்கஹால் கலந்த மருந்துக்கன்றோ உரியது, இதிலே ஆல்கஹால் இல்லையே என்பதுதான்! நூறு உயிர் போனதற்கு வழக்கில்லை. ஒரு சொல் பிழைபட்டதற்கு வழக்கு! அந்த வெட்கத்தின் வயிற்றிலே பிறந்ததுதான் 1938-ஆம் ஆண்டுச் சட்டம். புது மருந்தை விற்குமுன், அது தீங்கற்றது என மெய்ப்பிக்க வேண்டும் என்றது அச்சட்டம்.

மெய்ப்பிக்க ஆய்வு வேண்டும். ஆய்வுக்கோ, இன்னும் மெய்ப்பிக்கப்படாத பொருள் கையில் வேண்டும். ஆகவே அமெரிக்க விதிகள் ஆய்வாளர்க்கென ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்தன. அந்நாட்டுக் கூட்டரசு விதித்தொகுப்பில், 21-ஆம் தலைப்பின்கீழ், 312.160 என்னும் எண்ணுடைய விதி அது. சோதனைக் குழாயிலோ ஆய்வு விலங்கிலோ மட்டும் சோதிப்பதற்காகப் புது மருந்தை அனுப்பலாம். மனிதர்க்கு அன்று என்ற எச்சரிக்கையைச் சீட்டில் பொறிக்க வேண்டும் என்கிறது. குப்பிக்கடைக்காரர் படித்தது இதுவரைதான் போலும்! விதி அத்துடன் நிற்கவில்லை. பெறுபவர் மெய்யாகவே இத்தகைய சோதனைகளை வழக்கமாக நடத்துபவர்தாமா, பொருள் அதற்கே பயன்படுமா என்பதை அனுப்புபவர் உரிய கவனத்தோடு உறுதிசெய்துகொள்ள வேண்டும். யாருக்கு, எந்நாளில், எவ்வளவு அனுப்பினார் என்று கணக்கும் வைத்திருக்க வேண்டும் என்று மேலும் சொல்கிறது.

விந்தையைக் காணுங்கள்! விதியின் ஒரு பாதி எழுதச் சொல்கிறது. மறுபாதி விசாரிக்கச் சொல்கிறது. எழுதுவதற்கு மை போதும். விசாரிப்பதற்கு மனம் வேண்டும். வாணிகன் மையை எடுத்துக்கொண்டான், மனத்தை விட்டுவிட்டான். வாங்குபவரைக் காப்பதற்கென்று பிறந்த வாக்கியம், விற்பவரைக் காக்கும் கவசமாயிற்று. "நாங்கள்தான் சொன்னோமே, மனிதர்க்கு அன்று என்று!" என நாளை வழக்குமன்றத்தில் நீட்டுவதற்கு ஓர் ஓலைத் துண்டு!

திருக்குறளில் கூடாவொழுக்கம் என்றோர் அதிகாரம் உண்டு. துறவியின் வேடம் பூண்டு, அவ்வேடத்தின் பின்னே மறைந்து நின்று தவறு செய்வாரைக் கடிவது அது. துறவுக்கோலம் தவறன்று, அக்கோலம் மறைப்பாக மாறியதுதான் தவறு. ஆய்வுக் கோலமும் அத்தகையதே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும், ஒரு பொருள் எதற்காக விற்கப்படுகிறது என்பதைச் சீட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. விளம்பரத்தையும் விற்கும் சூழலையும் சேர்த்தே எடைபோடுகிறது. செமக்ளூடைடு முதலியவற்றை ஆய்வுப் பொருள் என்ற பெயரில் விற்ற சில நிறுவனங்களுக்கு 2024-இல் எச்சரிக்கை மடல்களை விடுத்தது. சட்டத்தின் கண்ணுக்கும் வேடம் தெரிகிறது. ஆயினும் சட்டத்தின் கால், வாணிகத்தின் காலைப் போல் விரைந்து ஓடுவதில்லை.

"நாங்கள் வெறும் பொடியா தருகிறோம்? தூய்மைச் சான்றும் அல்லவா தருகிறோம்! 99 விழுக்காடு!" என்பர். எதில் 99 என்று கேட்க வேண்டாவோ? குரோமட்டோகிராபிக் கருவி, கரைசலில் உள்ள பொருள்களைப் பிரித்துக் காட்டும். அதன் கண்ணுக்குத் தெரிந்தவற்றுள் 99 பங்கு இன்ன சரம் என்று அது உரைக்கும். குப்பியில் உயிருள்ள கிருமி இல்லை என்று அது உரைக்காது. செத்த பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து உதிர்ந்து, குருதியில் கலந்தால் காய்ச்சலையும் அதிர்ச்சியையும் விளைவிக்கும் எண்டோடாக்சின் என்னும் நச்சு இல்லை என்று உரைக்காது. பொடியின் எடையில் பெப்டைடு எவ்வளவு, உப்பும் ஈரமும் எவ்வளவு என்றும் உரைக்காது. சோதனைக் குழாயில் நடக்கும் பல ஆய்வுகளுக்கு இவை பெரிதல்ல. மனிதக் குருதிக்கோ இவையே உயிர்க் கேள்விகள். கருவி பொய் சொல்லவில்லை. கேட்கப்படாத கேள்விகளுக்கு அது விடை சொல்லவில்லை, அவ்வளவே. அந்த மௌனத்தைத்தான் சான்று என்று விற்கிறார்கள்.

தூய்மை என்பது எத்துணைப் பெரிய சொல் என்பதை, பெப்டைடு மருந்துகளுக்கெல்லாம் மூத்ததான இன்சுலினின் வரலாறு உரைக்கும். 1922-ஆம் ஆண்டு ஜனவரி 11. கனடாவின் டொராண்டோ நகர மருத்துவமனையில், நீரிழிவால் உருக்குலைந்து கிடந்த லியோனார்டு தாம்ப்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு, விலங்கின் கணையத்திலிருந்து எடுத்த சாறு ஊசிவழிச் செலுத்தப்பட்டது. பயன் அற்பம், ஊசி போட்ட இடத்தில் சீழ்க்கட்டி. நிறுத்தினார்கள். கோலிப் என்னும் உயிர்வேதியியலார் இரவு பகலாக உழைத்து அச்சாற்றைத் தூய்மைப்படுத்தினார். ஜனவரி 23-இல் மீண்டும் தொடங்கினார்கள், சிறுவன் தேறினான். பன்னிரண்டு நாள் இடைவெளி! இரு முறையும் உள்ளே இருந்தது அதே இன்சுலின்தான். முதல் முறை உடன் வந்த அழுக்கு, இரண்டாம் முறை வரவில்லை. கருணை இரு முறையும் இருந்தது. கருணை மட்டும் போதவில்லை. ஊசியை நிறுத்தத் தெரிந்த அடக்கமும், குறையைத் தேடிக் களைந்த உழைப்பும் சேர்ந்தபோதுதான் அது மருந்தாயிற்று.

இன்னொரு வரலாறு இதனினும் கொடிது. உடல் வளராத குழந்தைகளுக்கு வளர்ச்சி ஹார்மோன் தேவைப்பட்டது. 191 மணிகள் கொண்ட நெடுஞ்சரம் அது. அந்நாளில் அதை ஆக்கும் வழி அறியார். இறந்தோரின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்தே எடுத்தார்கள். அமெரிக்காவில் 1963 முதல் 1985 வரை, அரசின் துணையோடு நடந்த திட்டத்தில் ஏறத்தாழ 7,700 குழந்தைகள் அதைப் பெற்றனர். வளர்ந்தனர். பெற்றோர் மகிழ்ந்தனர். ஆண்டுகள் பல உருண்டபின், 1985-இல், அவ்வாறு வளர்ந்த இளைஞர் சிலர் மூளை அழுகும் குரூட்ஸ்ஃபெல்ட்–யாக்கோபு நோயால் மாண்டது தெரிய வந்தது. இறந்தோர் சிலரின் சுரப்பியோடு அந்நோயின் வித்தும் வந்திருந்தது. திட்டம் நிறுத்தப்பட்டது. பிரான்சு நாட்டிலோ இவ்வாறு மாண்டோர் நூற்றுக்கும் மேற்பட்டோர்.

அம்மருந்தைத் தந்த மருத்துவர்கள் கயவர் அல்லர், ஏமாற்றுக்காரரும் அல்லர். நல்லது செய்ய விரும்பியவர்களே. இங்கே நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. 1977-இல் அமெரிக்கத் திட்டத்தில் புதியதொரு தூய்மைப்படுத்தும் முறை கையாளப்பட்டது. அதன்பின் மட்டுமே அத்திட்டத்தின் மருந்தைப் பெற்றவர்களிடம் அந்நோய் காணப்படவில்லை. 1977-இல் அம்முறையை அமைத்தவர்களுக்கு, தாம் எந்த நஞ்சைத் தடுக்கிறோம் என்பதே தெரியாது! இன்னும் தூய்மையாக்குவோம் என்ற ஒழுக்கம் ஒன்றே, பெயர் தெரியாத பகைவனிடமிருந்து குழந்தைகளைக் காத்தது. அறிந்த கேட்டுக்கு மட்டும் அஞ்சுபவன் பாதி ஆய்வாளன். அறியாதது உண்டு என்பதை அறிந்து, அதற்கும் வேலி போடுபவனே முழு ஆய்வாளன்.

மற்றொன்றையும் நோக்குவோம். அந்த 7,700 பேருள் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது. கணக்கு இருந்தது. அதனால்தான் பல ஆண்டுகள் கழித்து, இன்னாருக்கு இன்ன மருந்து, ஆகவே இன்ன நோய் என்று முடிச்சு அவிழ்க்க முடிந்தது. இன்று வீட்டிலே தாமே ஊசி போட்டுக்கொள்வோர்க்குப் பட்டியல் எங்கே? இருபது ஆண்டு கழித்து ஒரு நோய் முளைத்தால், அதன் வேரை எங்கே தேடுவது? தீங்கு நேர்வது ஒரு கொடுமை. நேர்ந்த தீங்கினின்று எவரும் எதையும் கற்க முடியாமற் போவது அதனினும் பெரிய கொடுமை.

ஆய்வுக்கூடத்து எலிக்கு உள்ள காப்பும் இந்த மனிதருக்கு இல்லை! மிகைபடக் கூறுகிறோமோ என ஐயுற வேண்டா. நம் நாட்டில் 1998-இல் வகுத்த விதிகளின்படி, விலங்குகளை வைத்துச் சோதிக்கும் நிறுவனம் ஒவ்வொன்றிலும் ஒரு நன்னெறிக்குழு இருக்க வேண்டும். அறிவியலாளர் மட்டுமன்றி, சமூக உணர்வுள்ள வெளியார் ஒருவரும் அதில் அமர வேண்டும். இந்தச் சோதனை தேவைதானா, எலிகள் இத்தனை வேண்டுமா, வலியைக் குறைக்க வழியில்லையா என்று அக்குழு வினவும். ரஸ்ஸல், பர்ச் என்னும் ஆங்கிலேய அறிஞர் இருவர் 1959-இல் வகுத்த நெறி அது: விலங்கின்றி முடியுமானால் விலங்கை விடு, முடியாதெனில் எண்ணிக்கையைக் குறை, எடுத்த விலங்கின் துன்பத்தைத் தணி. ஓர் எலிக்காக இத்தனை கேள்விகள். மனிதர்க்கு அன்று எனச் சீட்டெழுதிய பொடியைத் தம் உடம்பில் ஏற்றிக்கொள்ளும் மனிதருக்காகக் கேட்க ஒருவரும் இல்லை. எலியின் இடத்தில் மனிதரை நிறுத்தி, எலிக்குரிய மதிப்பையும் மறுப்பதற்குப் பெயர் ஆய்வா?

பி.பி.சி. 157 என்னும் பெப்டைடை எடுத்துக்கொள்வோம். காயம் ஆற்றும், குடற்புண் ஆற்றும் என்று அதைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை எலிகளிடம் நடந்தவை; மனிதரிடம் முறையாக நடந்தவை மிகச் சிலவே. 2023-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், மருந்தகங்கள் கலந்து தயாரிப்பதற்கான மூலப்பொருள்களுள் பாதுகாப்பு ஐயம் மிக்கவை என ஒதுக்கிய பட்டியலில் அதனைச் சேர்த்தது. எலிகள் தம் உயிரைத் தந்து எழுப்பிய கேள்வி அது: "எம்மிடம் பலித்தது உம்மிடம் பலிக்குமா? முறையாகச் சோதித்துப் பாரீர்!" அக்கேள்விக்கு விடை தேடாமல், கேள்வியையே விடையென்று விற்றுவிட்டால், அந்த எலிகளின் சாவுக்கும் பொருளில்லாமற் போகிறது.

இதுவரை, விதியின் சொல்லைப் பற்றிக்கொண்டு பொருளை விட்டவர்களைக் கண்டோம். விதியை முழுதும் மதித்து நடந்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் சான்றுண்டு. 2006-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 13-ஆம் நாள், இலண்டனில் டி.ஜி.என். 1412 என்னும் புதுப் புரத மருந்தை முதன்முறையாக மனிதர்க்குச் செலுத்தினார்கள். ஒப்புதல் இருந்தது, நன்னெறிக்குழுவின் இசைவு இருந்தது. விலங்குகள் தாங்கிய அளவில் ஐந்நூறில் ஒரு பங்கே கொடுக்கப்பட்டது. ஆறு இளைஞர்க்கு, ஒருவர் பின் ஒருவராகச் சில நிமிட இடைவெளியில் செலுத்தினார்கள். சற்று நேரத்தில் ஆறு பேரும் வலியால் துடித்தனர். உறுப்புகள் செயலிழந்து உயிருக்குப் போராடினர். அரிதின் முயன்று காப்பாற்றினர். முதலாமவர்க்குச் செலுத்திவிட்டு ஒரு நாள் பொறுத்திருந்தால்? மற்ற ஐவரும் தப்பியிருப்பார்களே! பொறுத்திருக்க வேண்டும் என்று அன்று விதி இல்லை. மறு ஆண்டு ஐரோப்பிய மருந்து நிறுவனம் வெளியிட்ட நெறிமுறையில் அது இடம்பெற்றது.

விதி எப்போதும் நேற்றைய துயரத்தின் நினைவு. இனி வரப்போகும் துயரத்தைப் பற்றி அதற்குத் தெரியாது. அதைப் பற்றி எண்ண வேண்டியது விதியைக் கையில் வைத்திருப்பவரின் நெஞ்சு. ஆகவேதான் சொல்கிறோம்: விதி என்பது அறத்தின் தரைதான், கூரை அன்று. தரையிலே நிற்காதவன் விழுவான். தரையிலே நின்றுவிட்டதாலேயே வீடு கட்டியாயிற்று என எண்ணுபவன் மழையில் நனைவான்.

காகிதத்தில் இருந்த விதி கையில் இல்லாமற் போனால் என்னாகும் என்பதை அறிய அயல்நாடு செல்ல வேண்டியதில்லை. 1937-இல் அமெரிக்கக் குழந்தைகளைக் கொன்ற அதே டை எத்திலீன் கிளைக்கால், 88 ஆண்டுகள் கழித்து, 2025-இல், நம் காஞ்சிபுரம் மாவட்டத்திலே ஆக்கப்பட்ட இருமல் மருந்தொன்றில் இருந்தது. மத்தியப் பிரதேசத்திலே அதைக் குடித்த குழந்தைகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சட்டம் இருந்தது. உரிமம் இருந்தது. சீட்டும் இருந்தது. தாயொருத்தி தன் கையாலேயே கரண்டியில் ஊற்றிக் கொடுத்தாளே, அந்த நம்பிக்கைக்கு ஈடாக நிற்கும் நெஞ்சு எங்கே இருந்தது?

மறுப்புரைப்போர் உண்டு. அவர்தம் வாதத்தையும் நேர்மையோடு எடைபோட வேண்டும். "என் உடல் எனக்கு உரியது, அதில் எதைச் செலுத்துவது என்பதை அரசா சொல்வது?" என்கின்றனர். உரிமைக்குரல் கேட்டால் செவி சாய்க்கும் வழக்கமுடையோம் நாம். தம் உடம்பையே சோதனைக்களமாக்கிய சான்றோரும் உண்டு. ஆஸ்திரேலிய நாட்டு மருத்துவர் பாரி மார்ஷல், இரைப்பைப் புண்ணுக்கு ஒரு பாக்டீரியாவே காரணம் என்பதை நிறுவும் முயற்சியில், 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்தார். 2005-இல் நோபல் பரிசு பெற்றார். ஆனால், அவர் குடித்தது இன்னது என்று அவருக்குத் தெரியும். விளைந்ததைக் குறித்தார், உலகறிய வெளியிட்டார். குப்பி வாங்குபவருக்கோ உள்ளே இருப்பது யாது என்பதே உறுதியில்லை. விளைந்ததை எவரும் குறிப்பதில்லை. அறியாததற்கு இசைவு தர ஒருவராலும் இயலாது. உண்மையை மறைத்துவிட்டு, "உன் விருப்பம்" என்று சொல்வது உரிமை வழங்குவதாகாது. உரிமையின் பெயரால் கைகழுவுவதாகும்.

இரண்டாவது வாதம் இன்னும் கூரியது. "ஒப்புதல் பெற்ற மருந்தின் விலை மலையளவு, ஏழை எங்கே போவான்? மலிவான குப்பிதானே அவனுக்கு வழி?" இக்கேள்வியின் வலி மெய்யானது; இதை எள்ளி நகையாட எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் விடை அதுவன்று. இன்சுலினைக் கண்டவர்கள் 1923-இல் தம் காப்புரிமையைத் தலைக்கு ஒரு டாலருக்கு டொராண்டோப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தார்கள். எவரும் தனியுரிமை கொண்டாடக் கூடாது என்பது ஒரு நோக்கம்; தரங்கெட்ட சரக்கு அப்பெயரில் விலைபோகக் கூடாது என்பது மற்றொரு நோக்கம். மலிவும் தூய்மையும் ஒரு கையின் இரு விரல்களாக இருந்தன அன்று. இன்று சொல்கிறார்கள், தூய்மை வேண்டுமா பணம் கொடு, மலிவு வேண்டுமா உயிரைப் பணயம் வை என்று! இந்தத் தேர்வை ஏழையின் முன் வைப்பதே அநீதி. கொள்ளை விலையை எதிர்த்துத் தெருவிலே போராடுவோம், மன்றத்திலே வாதாடுவோம், அரசு தானே மருந்து செய்யட்டும் என்று கேட்போம். ஏழைக்குப் பின்கதவைக் காட்டிவிட்டால், முன்கதவில் அமர்ந்து கொள்ளை விலை வாங்குபவனுக்கு அது உதவியே அன்றித் தீங்கன்று.

அப்படியாயின் ஆய்வுக்கூடத்திலே இருப்போர்க்குச் சொல்ல வேண்டுவது யாது? பெருஞ்செயல் எதுவும் வேண்டா. பொருள் அனுப்புபவர், "எந்த நிறுவனம்? என்ன ஆய்வு?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும், விடை வாராவிடில் அனுப்பாதிருக்கட்டும். "எனக்கு ஒரு குப்பி எடுத்துக்கொடேன்" என்று நண்பன் கேட்டால், நட்பைக் காக்கவே மறுக்கட்டும் ஆய்வாளர். குறிப்பேட்டில் வெற்றியை எழுதும் அதே மையால் தோல்வியையும் எழுதட்டும், எழுதியதை வெளியிடட்டும். எலியிடம் கண்டதை மனிதரிடம் கண்டதாகப் பேசாதிருக்கட்டும். மனிதரிடம் சோதிக்கும் நாள் வந்தால், நம் நாட்டு 2019-ஆம் ஆண்டு விதிகள் கேட்கும் அனுமதியையும், நன்னெறிக்குழுவின் ஒப்புதலையும், சோதனைக்கு உள்ளாவோரின் அறிந்த இசைவையும், தீங்கு நேரின் இழப்பீட்டையும், படிவம் நிரப்பும் தொல்லை எனக் கருதாமல், எதிரே அமர்ந்திருக்கும் மனிதருக்குத் தாம் கொடுக்கும் வாக்கு எனக் கருதட்டும். ஒவ்வொரு படிவத்தின் பின்னும், அப்படிவம் இல்லாத காலத்தில் மாண்ட ஒருவர் நிற்கிறார் என்பதை மறவாதிருந்தால் போதும்; கையெழுத்து தானே கனக்கும்.

இருவர் அறிந்தே பேசும் பொய்யால் யாருக்குக் கேடு என்று தொடக்கத்தில் கேட்டோம். வாங்கியவரின் உடலுக்குக் கேடு, அது வெளிப்படை. நாளை அதே பெப்டைடு முறையான சோதனைக்கு வரும்போது நம்பிக்கையிழந்து நிற்கப் போகும் நோயாளிக்கும் கேடு. நேர்மையாக உழைக்கும் ஆய்வாளரின் பெயருக்கும் கேடு. எல்லாவற்றினும் மேலாக, "ஆய்வு" என்ற சொல்லுக்கே கேடு. மூடத்தனத்தின் பிடியிலிருந்து மனிதனை மீட்ட சொல் அது. அதை ஒரு குப்பியின் மேல் ஒட்டி மலிவாக விற்க விட்டுவிட்டால், நாளை உண்மையான ஆய்வு நம் கதவைத் தட்டும்போது, அதன் பேச்சை நம்ப எவர் இருப்பார்?